தோற்ற கையோடு மறுபடி மோதலாமா?

(ஜார்ஜ் டவுன், பினாங்கு: தொலைக்காட்சி மன்றத்தில் இரு அணிகளும் வாதாடி முடித்த பின் நடுவர் ஆற்றிய நிறைவுரை)



இன்றைய தலைப்பு கொஞ்சம் முரட்டுத் தலைப்பு. தோற்றுப்போன ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் உடனடியாக மறுமோதல் கேட்கலாமா, கூடாதா? பணமா பாசமா, மாமியாரா மருமகளா என்று கேட்டுப் பழகிய தாய்மார்கள், இதில் நமக்கென்ன இருக்கிறது என்று யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. கவலை வேண்டாம் அம்மா. ஒரு வாக்குவாதத்தில் தோற்றவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடி ஆரம்பிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே? ரிங்கில் மணி அடிக்க ஆள் உண்டு. வீட்டில் அதுகூடக் கிடையாது.

"கேட்கலாம்" அணி சொன்னது, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். "கூடாது" அணி சொன்னது, பதறிய காரியம் சிதறும். பழமொழிகளிடம் போனால் இப்படித்தான். இரண்டு கட்சிக்கும் வக்கீல் கொடுத்து அனுப்பிவிடும். ஆகவே பழமொழியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, உண்மையில் மோதியவர்களைப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குத்துச்சண்டையில் "உடனடி" என்றால் மறுநாள் காலை என்று அர்த்தமில்லை. தோற்றவர் இடையில் வேறு யாரோடும் மோதாமல், அடுத்த மோதலையே அதே ஆளோடு வைத்துக்கொள்வதுதான் உடனடி மறுமோதல். அது ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

மெர்டேக்கா அரங்கில் நடந்தது

ஹெவிவெயிட் என்றாலே அமெரிக்கா என்று நினைக்கிறோம். இந்த நாட்டு மண்ணிலேயே உலகப் பட்டத்துக்கான மோதல் நடந்திருக்கிறது. 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். ஒரு பக்கம் உலகச் சாம்பியன் முகமது அலி. மறு பக்கம் 25 வயது ஜோ பக்னர். 15 சுற்று முழுக்க நடந்தது. அலி புள்ளிகளில் வென்றார். வயதில் மூத்தவர்கள் இன்றைக்கும் அதைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் அதுவே ஒரு மறுமோதல் என்பது பலருக்கு நினைவிருக்காது. 1973 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் இதே இருவரும் 12 சுற்று மோதி, பக்னர் தோற்றிருந்தார். அவர் உடனே "மறுபடி வா" என்று கேட்கவில்லை. இடையில் ஜோ ஃப்ரேசியரோடு மோதினார், அதிலும் தோற்றார். பிறகு வரிசையாகச் சிலரை வென்று, இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அலியின் எதிரில் வந்து நின்றார். அப்படியும் தோற்றார்.

"கேட்கலாம்" அணித் தம்பிகளின் முகம் மலர்கிறது. பொறுத்தவர் மட்டும் என்ன கண்டார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. காத்திருப்பது மட்டும் மருந்தாகிவிடாது. பானையை மூடி வைத்தால் மட்டும் சோறு வெந்துவிடுமா? அடுப்பு எரிய வேண்டாமா? அப்படியானால் காலத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பார்க்க வேண்டும். அது என்ன?

உடனே மோதி வென்றவர்கள்

1959 ஜூன் மாதம் ஃபிளாய்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்கச் சாம்பியன் சுவீடன் நாட்டு இங்கமார் யோஹான்சனிடம் தோற்றார். மூன்றாவது சுற்றில் மட்டும் ஏழு முறை கீழே விழுந்தார். அன்றுவரை ஹெவிவெயிட் பட்டத்தை இழந்த ஒருவர்கூட அதைத் திரும்பப் பெற்றதில்லை. பேட்டர்சன் அடுத்த மோதலையே யோஹான்சனோடு வைத்துக்கொண்டு, 1960 ஜூன் 20 அன்று ஐந்தாவது சுற்றில் அவரைச் சாய்த்தார். இழந்த பட்டத்தை மீட்ட முதல் ஹெவிவெயிட் அவர்தான்.

1978 பிப்ரவரியில் முகமது அலி லியோன் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். ஸ்பிங்க்ஸுக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அது எட்டாவது மோதல்தான். அலி அவரை லேசாக எடைபோட்டார், பயிற்சியும் போதவில்லை. ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 15 அன்று, நியூ ஆர்லியன்ஸில் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்து 15 சுற்றும் ஆடி வென்றார். மூன்று முறை ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் வீரர் ஆனார்.

2001 ஏப்ரலில் பிரிட்டனின் லெனாக்ஸ் லூயிஸ் தென்னாப்பிரிக்காவில் ஹாசிம் ரஹ்மானிடம் ஐந்தாவது சுற்றில் விழுந்தார். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். அங்கே காற்றே கொஞ்சம் மெலிந்திருக்கும். முன்கூட்டியே போய் உடம்பைப் பழக்க வேண்டும். லூயிஸ் அதற்கு முன்பு ஒரு ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டு, தாமதமாகப் போய் இறங்கினார். விளைவு தெரிந்ததே. ஒப்பந்தத்தில் மறுமோதல் உரிமை இருந்தது. அதை நிலைநாட்ட நீதிமன்றம்வரை போனார். அதே ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் ரஹ்மானை நான்காவது சுற்றில் வீழ்த்தினார்.

இன்னும் அண்மையில், 2019 ஜூன் 1. மாற்று ஆளாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட ஆண்டி ரூயிஸ், நியூயார்க்கில் ஆன்டனி ஜோஷுவாவை நான்கு முறை தரையில் தள்ளினார். டிசம்பரில் சவூதி அரேபியாவில் மறுமோதல். ஜோஷுவா சுமார் 10 பவுண்டு எடை குறைத்து, கிட்டே போகாமல் தள்ளி நின்று ஆடும் புது உத்தியோடு வந்தார். ரூயிஸ் சுமார் 15 பவுண்டு எடை கூடி வந்தார். வெற்றியைக் கொண்டாடிய விருந்தெல்லாம் அவர் வயிற்றிலேயே இருந்தது. 12 சுற்று முடிவில் பட்டம் ஜோஷுவாவிடம் திரும்பியது.

"கேட்கலாம்" அணிக்கு நல்ல கைத்தட்டல் கிடைத்தது இந்தக் கதைகளுக்குத்தான். கொடுக்க வேண்டிய கைத்தட்டல்தான். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

பத்து மாதத்துக்கு நான்கு வினாடி

யோஹான்சனிடம் பட்டத்தை மீட்டாரே, அதே பேட்டர்சன் 1962 செப்டம்பரில் சிகாகோவில் சானி லிஸ்டன் என்ற மலையோடு மோதினார். 2 நிமிடம் 6 வினாடி. முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. தோல்வியின் வெட்கத்தில், பொய்த் தாடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர் அவர். முன்பு ஒருமுறை உடனே மோதிப் பட்டத்தை மீட்டவர் அல்லவா? இம்முறையும் அப்படியே செய்யலாம் என்று 1963 ஜூலையில் மறுபடி லிஸ்டனை எதிர்கொண்டார்.

எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா? 2 நிமிடம் 10 வினாடி. பத்து மாத உழைப்புக்குக் கூடுதலாகக் கிடைத்தது நான்கு வினாடி!

ஒரே மனிதர், ஒரே மனஉறுதி. யோஹான்சனிடம் பலித்தது லிஸ்டனிடம் ஏன் பலிக்கவில்லை? யோஹான்சனிடம் தோற்றதற்குக் காரணம் அந்த ஒரு வலது கைக் குத்து. அதற்கு வழி தேடலாம், தேடினார். லிஸ்டனிடம் தோற்றதற்குக் காரணம் லிஸ்டனே! உடல் வலிமையிலும் கை நீளத்திலும் அவர் பெரியவர். அதைப் பத்து மாதத்தில் திருத்த முடியாது. ஆசை மட்டும் திரும்பி வந்தது. பதில் கூடவே வரவில்லை.

மைக் டைசன் கதை அதைவிடச் சோகம். 1996 நவம்பரில் ஹோலிஃபீல்டிடம் 11-ஆவது சுற்றில் தோற்றார். 1997 ஜூனில் அடுத்த மோதலே அவரோடு. ஆத்திரம் தணியாமல் வந்தவர் மூன்றாவது சுற்றில் எதிராளியின் காதைக் கடித்தார். தகுதி இழப்பு, உரிமம் ரத்து, 30 லட்சம் டாலர் அபராதம். கை பேச வேண்டிய இடத்தில் பல் பேசினால் இதுதான் கதி.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1936 ஜூனில் இளம் ஜோ லூயிஸை ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் 12-ஆவது சுற்றில் வீழ்த்தினார். லூயிஸ் இடது கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் தாழ்த்துகிறார் என்பதைப் படச்சுருளில் பார்த்து வைத்திருந்தார் ஷ்மெலிங். லூயிஸ் உடனே பழிவாங்கக் கிளம்பவில்லை. வேறு பலரோடு மோதினார், குறையைச் சரிசெய்தார், 1937-இல் உலகச் சாம்பியனே ஆனார். பிறகு 1938 ஜூன் 22 அன்று ஷ்மெலிங்கைச் சந்தித்தார். மொத்தம் 124 வினாடி. முதல் சுற்றிலேயே கணக்கு தீர்ந்தது.

முகமது அலியும் அப்படித்தான். 1971 மார்ச்சில் ஃப்ரேசியரிடம் தோற்றபின், 1974 ஜனவரியில் அவரை மறுபடி சந்திப்பதற்குள் 13 முறை ரிங்கில் ஏறி இறங்கியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு பாடம். 1973-இல் தாடை உடைந்து கென் நார்ட்டனிடம் தோற்றதும் அந்த 13-இல் ஒன்று. அந்தத் தோல்விக்கு மட்டும் அவர் ஆறு மாதத்திலேயே மறுமோதல் வைத்து, மயிரிழையில் வென்றார். ஆக, ஒரே வீரர்தான். ஒரு தோல்விக்கு உடனே போனார், இன்னொன்றுக்கு மூன்று வருடம் பொறுத்தார்.

சுக்ரீவன் கழுத்தில் ஒரு மாலை

இந்த விஷயத்தை நம் இதிகாசம் எப்போதோ பேசி முடித்துவிட்டது. உடனடி மறுமோதல் கேட்ட முதல் வீரன் யார் என்று கேட்டால், கிஷ்கிந்தையைத்தான் காட்ட வேண்டும்.

சுக்ரீவன் வாலியைச் சண்டைக்கு அழைத்தான். அடி தாங்காமல் ஓடி வந்தான். மறைந்து நின்ற ராமன் ஏன் அம்பு விடவில்லை? அண்ணனும் தம்பியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தார்கள். யார் வாலி, யார் சுக்ரீவன் என்று தெரியவில்லை. தோல்விக்கான காரணம் தெரிந்துவிட்டது. பரிகாரமும் சுலபம். ஒரு பூங்கொடியைப் பறித்து மாலையாகச் சுக்ரீவன் கழுத்தில் போட்டார்கள். உடனே திரும்பிப் போனான். இம்முறை முடிவு வேறு.

அந்த அம்பு நியாயமா என்பது தனிப் பட்டிமன்றம். அதை இங்கே திறந்தால் விடிய விடியப் போகும். இன்றைய தலைப்புக்கு அந்த மாலை போதும். தோற்றவனுக்கும் திரும்பி வந்தவனுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருந்தது. அது கண்ணால் பார்க்கும்படி கழுத்தில் தொங்கியது.

வால்மீகி ராமாயணத்தில் வாலியின் மனைவி தாரை ஓர் எச்சரிக்கை செய்கிறாள். இப்போதுதான் அடிபட்டு ஓடியவன் உடனே வந்து மறுபடி அறைகூவுகிறான் என்றால், அவன் பழைய ஆளாக வரவில்லை, அவனுக்குப் பின்னால் ஏதோ துணை இருக்கிறது, போகாதீர்கள் என்கிறாள். எவ்வளவு நுட்பமான பெண்மணி! வாலி கேட்கவில்லை. இன்றைய வீரர்களின் மூலையில் தாரையைப் போல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எத்தனையோ தலைகள் தப்பியிருக்கும். ஆண்டி ரூயிஸுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தால், விருந்து இலையை முன்னாலேயே எடுத்திருப்பார்.

ஆக, ஜோஷுவா கழற்றிய 10 பவுண்டு அவருடைய மாலை. லூயிஸ் தாழ்வான ஊருக்கு இறங்கி வந்தது அவருடைய மாலை. அலி ஓடிக் கரைத்த வியர்வை அவருடைய மாலை. லிஸ்டனிடம் இரண்டாம் முறை போன பேட்டர்சன் கழுத்தில் மாலை இல்லை.

கண்ணுக்குத் தெரியாத காயம்

மாலை இல்லாமல் போனால் என்ன, தோல்விதானே, உயிரா போகும் என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, உயிரும் போகலாம். அதைவிடக் கொடுமை, உயிர் இருந்து நினைவு போகலாம்.

ஹெவிவெயிட் பிரிவில் எடைக்கு மேல் வரம்பு கிடையாது. 100 கிலோ மனிதர் முழு உடம்பையும் தோள் வழியாகக் கையில் இறக்கிக் குத்துகிறார். தலை சட்டென்று திரும்புகிறது. மண்டைக்குள் இருக்கும் மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதிர்கிறது. புருவத்தில் கிழிந்தால் தையல் போடலாம், ஆறியது தெரியும். மூளை ஆறியதா என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அதிர்ச்சி வந்தால், சின்ன அடியும் பெரிய ஆபத்தாகலாம். அதனால்தான் நாக் அவுட் ஆனவர் குறிப்பிட்ட காலம் மோதக் கூடாது, பயிற்சியில்கூடத் தலையில் அடி வாங்கக் கூடாது என்று கட்டாய ஓய்வு விதிக்கிறார்கள். விதி குறைந்தபட்ச ஓய்வைத்தான் சொல்லும். போதுமான ஓய்வு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தலையில் மீண்டும் மீண்டும் அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பற்றி மருத்துவர் மார்ட்லாண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். பேட்டர்சன் பிற்காலத்தில் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1998-இல் ஒரு வழக்கு விசாரணையில் வாழ்க்கையின் முக்கியமான விவரங்களையே அவரால் நினைவுகூர முடியவில்லை. பதவி விலகினார். மறதி நோயோடு 2006-இல் காலமானார். முகமது அலிக்கு 1984-இல் பார்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. உலகத்தையே பேச்சால் கட்டிப்போட்ட வாய் மெல்ல மெல்ல அடங்கி, 2016-இல் அவர் மறைந்தார். தனி ஒருவரின் நோய்க்கு எத்தனை குத்து காரணம் என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் தேவையில்லாத ஒரு மறுமோதலில் வாங்கும் அடியும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதற்குத் தனி ஏடு கிடையாது.

அவசரம் யாருக்கு?

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். உடனே மோது, உடனே மோது என்று அவசரப்படுவது யார்?

பெரிய மோதலுக்கு ஒப்பந்தம் எழுதும்போதே, சாம்பியன் தோற்றால் குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுமோதல் கேட்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அது சாம்பியனுக்குப் பாதுகாப்பு. ஆனால் நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. முகவீக்கம் வடியும் முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்பாட்டாளருக்கு டிக்கெட் விற்க வேண்டும், தொலைக்காட்சிக்கு நேயர் வேண்டும், பழைய பகை சூடாக இருக்கும்போது விளம்பரச் செலவு குறைவு. இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் அவர்களில் ஒருவர் தலையிலும் குத்து விழப்போவதில்லை. அதை வீரரின் வீட்டார் மறக்கக் கூடாது.

வரிசையில் நிற்கும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார், அவரையும் மறக்கக் கூடாது. 1978-இல் ஸ்பிங்க்ஸ் அலிக்கு மறுமோதல் கொடுக்கப் போனபோது, முறைப்படி அடுத்து நின்றவர் கென் நார்ட்டன். அதனால் ஓர் உலக அமைப்பு ஸ்பிங்க்ஸின் பட்டத்தைப் பறித்து நார்ட்டனிடம் கொடுத்தது. 2015-இல் டைசன் ஃபியூரி விளாடிமிர் கிளிட்ச்கோவை வென்ற சில நாட்களிலேயே, மறுமோதல் ஒப்பந்தத்தால் முறையான சவாலுக்கு வர முடியாத நிலையில், ஒரு பட்டத்தை இழந்தார். இரண்டு பேர் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருந்தால், உழைத்து மேலே வந்த மூன்றாவது பிள்ளைக்குக் கதவு எப்போது திறக்கும்?

ஒப்பந்தம் இல்லாமல் திரும்பி வந்தவர்கள்

இந்த மாநிலத்து மக்களுக்கு இது புதிதில்லை. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய், பூப்பந்தில் லின் டானிடம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் 12-21, 8-21 என்று தோற்றார். பூப்பந்தில் மறுமோதல் ஒப்பந்தம் கிடையாது. போட்டிக்குப் போட்டி முதல் சுற்றிலிருந்து வென்று, வரிசையில் வந்து, எதிர்ப்பக்கத்தில் அவரும் வென்று வந்தால்தான் சந்திக்கலாம். 2012 லண்டனில் மறுபடி இறுதி. மூன்றாவது ஆட்டத்தில் 19-21. இந்த நாடே தூங்காத இரவு அது. 2016 ரியோவில் அரையிறுதி. கடைசி ஆட்டத்தில் 22-20 என்று சோங் வெய் வென்றார். எட்டு வருடம், மூன்று ஒலிம்பிக்.

அடுத்த ஆட்டத்தில் சென் லோங்கிடம் தோற்று, தங்கம் கைக்கு வரவில்லை. இருவரும் மொத்தம் மோதிய 40 ஆட்டங்களில் லின் டான் வென்றவை 28. ஆனாலும் 8-21 என்று தோற்றவர் 19-21-க்கு வந்து, பிறகு 22-20-க்கு வந்தார் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். ஒப்பந்தம் அதைச் செய்து தராது.

ஜார்ஜ் டவுன் மகள் நிக்கோல் டேவிட்டையும் சொல்லாமல் எப்படி? சுவர்ப்பந்தில் 2005, 2006 என இரண்டு முறை உலகச் சாம்பியன். 2007 மாட்ரிட்டில் தொடக்கச் சுற்றுகளிலேயே வெளியேறினார். உலகப் போட்டி மறு வருடம்தான் வரும். அதுவரை பொறுக்க வேண்டும். பொறுத்தார். 2008-இல் மறுபடி சாம்பியன், அதிலிருந்து 2012 வரை தொடர்ந்து சாம்பியன், 2014-இல் எட்டாவது முறை. அந்தக் காத்திருப்பு வருடம் அவருக்கு வீணாகவில்லை.

தீர்ப்பு

வள்ளுவர் பொருட்பாலில் 48-ஆவது அதிகாரத்தை வலியறிதல் என்று வைத்தார். 49 காலமறிதல். 50 இடனறிதல். இந்த மூன்றும் அடுத்தடுத்து நிற்பதே ஒரு பாடம். முதலில் வலிமை, பிறகு காலம், பிறகு இடம். நம் ஆட்கள் காலத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எப்போது மோதலாம் என்பதுதான் முதல் கேள்வி. அதுதான் தவறு.

தோற்ற வீரர் முதலில் கேட்க வேண்டியது: ஏன் தோற்றேன்? ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். எடை, பயிற்சிக் குறைவு, தாழ்த்திய இடது கை, உயரமான ஊர் என்று பெயர் வைத்துச் சொல்ல முடிய வேண்டும். நேரம் சரியில்லை, ரெஃப்ரி சரியில்லை என்பதெல்லாம் பதிலாகாது.

இரண்டாவது: அந்தக் குறை கிடைக்கும் மாதங்களுக்குள் தீருமா? தீர்ந்ததா என்பதை வீரர் சொல்லக் கூடாது. பயிற்சியாளர் சொல்ல வேண்டும். உடம்பைப் பற்றி, ஏற்பாட்டாளரிடம் சம்பளம் வாங்காத மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: இடம் மாறுமா? தண்ணீருக்குள் முதலை எல்லாரையும் வெல்லும், கரைக்கு வந்தால் மற்றவை முதலையை வெல்லும் என்று வள்ளுவர் காட்டுகிறார். எதிராளிக்குப் பிடித்த இடத்தில், எதிராளிக்குப் பிடித்த ஆட்டத்தையே மறுபடி ஆடப் போகிறவர், முதலை இருக்கும் தண்ணீரில் இரண்டாம் முறை இறங்குகிறார்.

மூன்றுக்கும் பதில் இருந்தால் ஏழு மாதத்தில் போகட்டும், அலி போல, லூயிஸ் போல. அப்படிப் போனாலும் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. ஜோஷுவா 2021-இல் உசிக்கிடம் தோற்றார், பயிற்சியாளரை மாற்றி, 2022-இல் முன்பைவிட நன்றாகவே ஆடினார், அப்படியும் தோற்றார். அதில் வெட்கம் இல்லை. பதிலோடு போய்த் தோற்றவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் இடையில் வேறு மோதல்களுக்குப் போகட்டும், லூயிஸ் என்ற அந்த ஜோ போல. ஆட்டுக்கடா பின்வாங்குவது பயத்தினால் இல்லை, பாய்வதற்கு இடம் சேர்க்கத்தான் என்பதும் வள்ளுவர் சொன்னதுதான்.

ஆகவே இந்த மேடையின் தீர்ப்பு இதுதான். தோற்றவர் மறுமோதல் கேட்பதில் தவறில்லை. ஆனால் உடனடி என்பது உரிமையாக இருக்கலாம், கடமையாகிவிடக் கூடாது. காரணம் தெரியாத, தெரிந்தும் தீராத தோல்விக்கு உடனடி மறுமோதல் கூடாது. நாக் அவுட் ஆன தலைக்கு, மருத்துவர் சம்மதம் இல்லாமல் கூடவே கூடாது. "கூடாது" அணி வென்றது. "கேட்கலாம்" அணி சொன்ன கதைகள்தான் அந்த வெற்றிக்குச் சாட்சி. ஏனென்றால் அவர்கள் காட்டிய வீரர்கள் எல்லாரும் மாலை போட்டுக்கொண்டு வந்தவர்கள்.

இது ரிங்குக்கு மட்டுமான தீர்ப்பு இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையிடம், மறுபடி எழுது என்று சொல்வதற்கு முன், எந்தக் கேள்வியில் தடுமாறினாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். கடை நொடித்துப்போன கணவர் அடுத்த மாதமே புதுக்கடை திறக்கிறேன் என்று வட்டி முதலைகளிடம் போனால், முதல் கடை ஏன் மூடியது என்று கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக் கேளுங்கள் அம்மா. பதில் வந்தால் நகையைக்கூடக் கழற்றிக் கொடுங்கள். பதில் வராமல் கோபம் வந்தால், கழற்றாதீர்கள்.

ரிங்கின் மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கும். வீரரால் முடியவில்லை என்று தெரிந்தால் பயிற்சியாளர் அதை உள்ளே வீசுவார். வீரர் கோபப்படுவார். ஊர் திட்டும். சில வருடம் கழித்து அந்த வீரர் தன் பேரப்பிள்ளையின் பெயரை மறக்காமல் கூப்பிடும்போதுதான் அந்தத் துண்டின் அருமை தெரியும். உங்கள் வீட்டில் தோற்று வந்து நிற்கும் பிள்ளைக்கு அந்தத் துண்டைப் பிடித்திருப்பவர் நீங்கள்தான். எப்போது தோளில் தட்டி அனுப்புவது, எப்போது துண்டை வீசுவது என்று அறிந்து செய்யுங்கள்.